பென்சில்வேனிய நீள் ரைஃபிள்கள்: கேள்வி பதில்

கேள்வி: நான் வாங்க நினைக்கும் ரைஃபிளின் லாக் (தீமூட்டும் பொறி) தகட்டில் ‘கெட்லண்ட்’ என்ற பெயர் உள்ளது. இது இங்கிலாந்தில் செய்யப்பட்டதா?

பதில்: லாக் மட்டுமே அங்கிருந்து வந்தது. லங்காஸ்டர், ரெடிங், யார்க் பகுதிக் கைவினைஞர்கள் பலர் லாக்கை விலைக்கு வாங்கி, எண்கோணக் குழலோடும் வரியோடிய மேப்பிள் கட்டையோடும் பொருத்தினார்கள். செய்தவர் பெயரைக் குழலின் மேல்முகத்தில் தேடுங்கள். அங்கும் இல்லாவிட்டால், கட்டையின் வளைவும் அதில் பதித்த சிறு பெட்டியின் பித்தளை மூடி வடிவமும் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பித்தளையைத் துலக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: தொடக்கம் முதலே சிக்கிமுக்கிக் கல்லில் இயங்கியதுதானா என்று எப்படி அறிவது?

பதில்: கல்லின் தீப்பொறிக்குப் பதிலாக, அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பியைப் பயன்படுத்தும் கேப் முறை பரவியபோது, பலர் புதிய துப்பாக்கி வாங்காமல், வெடிமருந்துக் கிண்ணத்தை நீக்கி, குழலுக்குள் தீ செல்லும் பற்றுத் துளையை அகலமாக்கி, அதில் சிறு உருளையொன்றைத் திருகிப் பழையதையே மாற்றிக்கொண்டார்கள். பிற்காலத்தில் கல் துப்பாக்கிக்குச் சேகரிப்பாளரிடம் விலை கூடியதும், அவற்றில் பல மீண்டும் கல் முறைக்கே திருப்பப்பட்டன. ஆகவே லாக்கைக் கழற்றிப் பாருங்கள். தகட்டில் அடைக்கப்பட்ட திருகுத் துளைகளோ, பற்றுத் துளையைச் சுற்றிக் குழலில் வட்டமான ஒட்டோ தெரிந்தால், அது திருப்பப்பட்டதாகவே இருக்கும். நெடுநாள் சுட்ட துப்பாக்கியில் அத்துளையருகே மருந்து அரித்த குழிகள் இருக்க வேண்டும். திருப்பியதில் தவறில்லை, விற்பவர் அதை மறைப்பதே தவறு. பழைய காலத்தில் கேப் முறைக்கு மாறிய துப்பாக்கியை நான் மாறிய நிலையிலேயே வைத்திருப்பேன்.

கேள்வி: என்னிடம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுதசாலையின் 1803 மாதிரி ரைஃபிள் உள்ளது. பசிபிக் கடல்வரை ஆய்வுப் பயணம் போன லூயிசும் கிளார்க்கும் கொண்டுசென்றது இதுவே அல்லவா?

பதில்: லூயிஸ் அந்த ஆயுதசாலைக்குச் சென்றது 1803 மார்ச்சில், போர்த்துறைச் செயலர் டியர்பார்ன் இம்மாதிரியைச் செய்யுமாறு எழுதியது மே மாதத்தில். ஆகவே இதையல்ல, 1792 ஒப்பந்தப்படி ராணுவத்துக்குச் செய்யப்பட்ட ரைஃபிள்களைக் குட்டையாக்கி எடுத்துச் சென்றார்கள் என்பதே என் கருத்து.

மற்றொருவர்: லூயிஸ் அங்கே சில வாரங்கள் தங்கினாரே! முன்மாதிரி அவர் கண்ணெதிரிலேயே உருவாகியிருக்கலாம்.

பதில்: இருக்கலாம். ஜூலையில் அவர் திரும்பி வந்ததையும் உங்கள் தரப்புக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால், உருவாகியிருக்கலாம் என்பது உருவானதற்குச் சான்றாகாது. மேலும், முதலில் கேட்டவர் தம் லாக்கில் பொறித்த ஆண்டைப் பார்க்கட்டும்: இம்மாதிரி 1814 முதல் 1819 வரையிலும் மறுபடி செய்யப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஒன்று இருந்தால், 1806இல் முடிந்த பயணத்தோடு அதற்குத் தொடர்பே இருக்க முடியாது.

கேள்வி: குழலின் பழுப்பை எஃகுக் கம்பளியால் தேய்த்தால் பளபளப்பு வருமா?

பதில்: வரும், மதிப்பு போய்விடும். பித்தளைக்குச் சொன்னதே இரும்புக்கும்.

கேள்வி: கட்டைக்கு மட்டும் வார்னிஷ் பூசலாமா?

பதில்: மரத்துக்கும் அதுவே. இனி இக்கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: தாத்தாவின் ரைஃபிளை ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அதைவிட முக்கியம், மருந்தும் ஈயக்குண்டும் இன்னும் உள்ளே இருக்கலாம். குழல் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ வைக்காமல், சலாகையை (குண்டைத் தள்ளும் கோலை) உள்ளே இறக்கி ஆழத்தைக் குறித்து, அதைக் குழலுக்கு வெளியே வைத்து ஒப்பிடுங்கள். பற்றுத் துளைக்குச் சில விரற்கடை முன்பே சலாகை நின்றிருந்தால், எதையும் நோண்டாமல் துப்பாக்கிக் கம்மியரை அழையுங்கள்.