புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாகாலாந்தில் கண்டறியப்பட்ட, நீரின் மேற்பரப்பில் நின்று ஓடும் நீர்த்தாண்டிப் பூச்சியைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். தென்காசிப் பக்கம் எங்கள் ஊருக்கு மேலே மலையிலிருந்து இறங்கும் ஓடையில் அதே போன்ற பூச்சிகளைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். முதுகு ஆரஞ்சு நிறம், அதில் கறுப்புக் கோடுகள், உடலைவிடப் பல மடங்கு நீண்ட கால்கள். படமெடுத்து இணையத்தில் தேடினேன். முழுமையாக ஒத்துப்போகும் படம் ஒன்றும் அகப்படவில்லை. இது புதிய இனமாக இருக்குமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆய்வாளர்கள் ஏன் இந்தச் சிற்றுயிரைக் கொன்று, அதன் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும்? நல்ல புகைப்படமும் மரபணுச் சோதனையும் போதாதா?

அன்புடன்,
ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள மாணவருக்கு,

உங்கள் படத்தில் இருப்பது ப்டிலோமெரா என்னும் பேரினத்தைச் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) சேர்ந்த பூச்சி என்றே நினைக்கிறேன். நிறமும் கால்களின் நீளமும், பாறைகளுக்கு இடையே நிழலில் விரைந்தோடும் நீரை அது தேர்ந்துகொண்டிருப்பதும் அதற்குப் பொருந்துகின்றன. தீபகற்ப இந்தியாவில் இந்தப் பேரினத்தில் நெடுங்காலமாகப் பதிவாகியிருப்பது 1926இல் ஷ்மிட் என்பவர் பெயரிட்ட ப்டிலோமெரா அக்ரியோடெஸ் என்னும் இனம். உங்கள் ஓடையில் இருப்பதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இணையத்தில் ஒத்த படம் கிடைக்காதது இதற்கு எதிரான சான்று ஆகாது. தோலுரித்துச் சில மணி நேரமே ஆன பூச்சி வெளிறியிருக்கும். வயதாக ஆகக் கோடுகள் கருக்கும். எத்தனாலில் போட்டுவைத்தால் ஆரஞ்சு நிறம் மங்கிவிடும். ஓர் இனத்துக்குள்ளேயே இவ்வளவு மாறும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு இனங்களைப் பிரிக்க முடியாது.

அப்படியானால் நாகாலாந்துப் பூச்சியின் செய்தியில் முதுகுக் கோடுகளைத்தானே சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 2018இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் பெரேன் மாவட்டத்தின் இன்டாங்கி ஆற்றிலிருந்து அதை விவரித்து, ப்டிலோமெரா நாகலாண்டா என்று பெயரிட்டார்கள். செய்தித்தாள்கள் ஆரஞ்சு நிறத்தையும், முதுகின் கருங்கோடுகளையும், வயிற்றுப்புறத்தின் வெளிர் மஞ்சள் பழுப்பையும், 11.79 மில்லிமீட்டர் என்ற அளவையும் வெளியிட்டன. ஒரு பூச்சியின் நீளத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை அளந்தவர்கள் நிறத்தோடு நின்றிருக்கமாட்டார்கள் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. அதற்கு முன், ப்டிலோமெராவுக்குள் அது சேரும் துணைப்பேரினத்தில் (பேரினத்தின் உட்பிரிவு) இந்தியாவில் ஐந்து இனங்கள் பதிவாகியிருந்தன: தீபகற்பத்தில் அக்ரியோடெஸ், வடகிழக்கில் அசாமென்சிஸ், வடக்கிலும் வடகிழக்கிலும் லாட்டிகாடேட்டா, உத்தராகண்டில் ஆக்சிடென்டாலிஸ், அந்தமானில் டைக்ரினா. இந்த ஐந்தில் எதுவும் அல்ல என்று காட்டினால் மட்டும் போதாது. பூச்சிக்கு நாட்டு எல்லை தெரியாது என்பதால், மியான்மரிலும் அதற்கு அப்பாலும் ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களில் ஒன்று மலை தாண்டி வந்திருக்கவில்லை என்பதையும் காட்டியாக வேண்டும். ‘புதியது’ என்பது அந்தப் பூச்சியை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய சொல் அன்று. அறியப்பட்ட அத்தனையோடும் ஒப்பிட்ட பிறகே சொல்லத்தக்கது.

எதை ஒப்பிடுவது என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இருக்கிறது. நீரின் மேற்பரப்பில் வாழும் உடல் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பெருமளவுக்கு இயற்பியலே தீர்மானித்துவிடுகிறது. இரையைப் பற்றக் குட்டையான முன்கால், துடுப்புப் போட நடுக்கால், திசை திருப்பப் பின்கால். நீர்ப்படலத்தைக் கிழித்துவிடாதபடி பாதத்தின் நுனியில் இல்லாமல் சற்று உள்ளே தள்ளி அமைந்த நகங்கள். காற்றைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்ளும் நுண்முடிகள். இந்தக் கால்களில் ஒன்றே தனியாக உடல் எடையைப்போல ஏறத்தாழ 15 மடங்கைத் தாங்கும் என்று 2004இல் சீன ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். குளத்திலும் ஓடையிலும் நடுக்கடலிலும் நீர்த்தாண்டிக் குடும்பத்தின் எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் ஒரே சிக்கலுக்கு ஒரே வகைத் தீர்வைக் கொண்டிருப்பதால், மேலிருந்து பார்த்தால் நெருங்கிய உறவுள்ள இனங்கள் ஒன்றுபோலவே தெரிகின்றன.

இனச்சேர்க்கைக்கான உறுப்புகளின் கதை வேறு. பெண்ணுக்கு ஆணை முதுகில் சுமந்து திரிவது செலவு மிக்க காரியம். வேகம் குறைகிறது, ஆற்றல் வீணாகிறது, எதிரியிடம் சிக்கும் ஆபத்து கூடுகிறது. ஆகவே பல இனங்களில் பெண் துள்ளிப் புரண்டு ஆணை உதறப் பார்க்கிறது. ஆண் விடாமல் பற்றிக்கொள்ளப் பார்க்கிறது. பெண்ணின் வயிற்று ஓரத்தில் ஆணைத் தடுக்கும் முட்கள் நீண்டால், ஆணின் பற்றும் உறுப்பும் காலப்போக்கில் அதற்கேற்ப மாறுகிறது. ஜெரிஸ் என்னும் மற்றொரு நீர்த்தாண்டிப் பேரினத்தில் இந்தப் போட்டி இனத்துக்கு இனம் எவ்வாறு இணையாக ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது என்பதை ஆர்ன்க்விஸ்ட், ரோ என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. கால்கள் மாறாத கால அளவில் இந்த உறுப்புகள் மாறிவிடுகின்றன. அண்மையில் பிரிந்த இரண்டு இனங்களின் வேறுபாட்டை முதலில் தேட வேண்டிய இடம் வயிற்றின் கடைசிக் கண்டங்கள் (உடலின் வளையம் போன்ற பகுதிகள்)தான் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. அறிவியலாளர்களின் வினோதமான ஆர்வமாக இதை நினைத்துவிடாதீர்கள்.

அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். ஆணின் வயிற்று நுனியை மெல்லிய ஊசியால் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசையைக் கரைப்பார்கள். பிறகு எஞ்சும் ஒளி ஊடுருவும் கூட்டைக் கிளிசரினில் இட்டு நுண்ணோக்கியின் கீழ் திருப்பித் திருப்பி வரைவார்கள். ப்டிலோமெராவில் அங்கே மலத்துளையை மூடியிருக்கும் தகடு இரு பக்கமும் சிறகுபோல விரிந்திருக்கும். அந்த விரிவின் நுனி கூர்மையா மழுங்கலா, பின்னோக்கி வளைகிறதா நேராக நிற்கிறதா என்பவற்றைக் கொண்டே இனங்கள் பிரிகின்றன. பெண்ணில் ஏழாம் கண்டத்தின் ஓர நீட்சிகளைப் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் ஓடைக்கரையில் நின்று எடுத்த கைப்பேசிப் படத்தில் தெரியாது.

இதில் ஏமாற்றக்கூடியவை இன்னும் உண்டு. இளம்பூச்சிகளை இன அளவில் அடையாளம் காண்பது பெரும்பாலும் இயலாது. ஒரே இனத்தில் சிறகுள்ளவையும் சிறகற்றவையும் இருக்கும். சிறகு வந்தால் மார்புப் பகுதியின் தோற்றமே மாறிவிடும். அதனால்தான் இணைந்த நிலையில் பிடிபடும் ஒரு சோடிக்கு வகைப்பாட்டியலில் தனி மதிப்பு. இந்தப் பெண் இந்த ஆணுக்கு உரியது என்பதற்கு அதுவே சான்று.

மரபணுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மிகுந்த துணை செய்கிறது; எந்த இளம்பூச்சி எந்த ஆணோடு சேரும் என்பதை அதைக்கொண்டு இன்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒப்பிடுவதற்கு மறுபக்கத்திலும் ஒரு மரபணு வரிசை இருக்க வேண்டும். நம் நீர்ப்பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைக்கப்பட்டது நூறாண்டுகளுக்கு முன்பு. டிஸ்டன்ட் என்னும் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரித்தானிய இந்தியாவின் உறிஞ்சும் வாயுள்ள பூச்சி வகைகளைத் தொகுத்தபோது எழுதியவை சில வரி விவரிப்புகள். அவர் கையாண்ட மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஐயம் வரும்போது அந்த மாதிரியை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. புகைப்படத்தை மட்டும் வைத்து 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றுக்குப் பெயரிட்டபோது உலகெங்கும் வகைப்பாட்டியலாளர்கள் கடுமையாக மறுத்து எழுதியதற்கும் இதுவே அடிப்படை. நாளை வேறொருவர் புதிய கேள்வியோடு வந்தால், படத்தில் இல்லாத பக்கத்தை அவர் திருப்பிப் பார்க்க முடியாது. விலங்கியல் பெயரிடல் விதிகளும் 1999க்குப் பிறகு வெளியாகும் புதிய இனத்துக்குப் பெயர் தாங்கும் மாதிரி (அந்தப் பெயர் எந்த உடலைச் சுட்டுகிறதோ அது) இன்னதென வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்கின்றன.

கொல்வது குறித்த உங்கள் மன உறுத்தலை மதிக்கிறேன். அது இல்லாதவர் இந்தத் துறைக்கு வராமல் இருப்பதே நல்லது. ஆனால் முதிர்ந்த சில பூச்சிகளை எடுப்பதால் ஓர் ஓடையின் கூட்டம் அழிந்துவிடாது. ஓடையை மறித்துக் குழாயில் இழுப்பதாலும், கரை நிழலை வெட்டுவதாலும், நீரில் சோப்பு நுரை கலப்பதாலும் அழியும். சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது; இந்தப் பூச்சி நிற்பதே அந்த விசையின் மேல்தான். பெயரும் இருப்பிடமும் பதிவாகாத உயிருக்காக எந்த அலுவலகத்திலும் யாரும் வாதாட முடியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இப்போதைக்கு நீங்கள் எதையும் பிடிக்க வேண்டாம். அந்த மலை வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருந்தால், எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது. உங்கள் கல்லூரி விலங்கியல் துறை வழியாக விண்ணப்பியுங்கள். சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கும் எழுதுங்கள். புதிய இனம் என்று உறுதியானால், உயிரியல் பன்மயச் சட்டப்படி அதன் மாதிரியை அரசு அறிவித்த காப்பகம் ஒன்றில் ஒப்படைத்தாக வேண்டும் என்பதால், தொடக்கத்திலிருந்தே அவர்களோடு சேர்ந்து செய்வது உத்தமம். அதற்குள் எந்தெந்த மாதத்தில் எத்தனை முதிர்ந்த பூச்சிகள் தென்படுகின்றன, அவற்றில் சிறகுள்ளவை உண்டா, சோடிகள் எப்போது தெரிகின்றன என்று நாள், இடம், நீரோட்டத்தின் நிலை ஆகியவற்றோடு குறித்து வையுங்கள். அக்ரியோடெஸ் என்றே முடிவானாலும் அந்தக் குறிப்பேடு பயன்படும். சோடியொன்று அசையாமல் நிற்கும்போது பக்கவாட்டில் வயிற்று நுனி தெளிவாகத் தெரியும்படி படம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். இந்தப் பேரினத்தை அறிந்தவர்களிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.