காய்ச்சல் விட்டு மூன்று கிழமை, சைக்கிள் ஓடினால் மறுநாள் எழும்ப முடியவில்லை

இப்போதைக்கு முழு வேலைக்குத் திரும்பாதீர்கள். வியர்வை சிந்தினால் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வதையும் கேட்காதீர்கள்.

கல்லடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு சைக்கிளில் போன அன்று ஒன்றுமில்லை, அடுத்த நாள்தான் படுக்கை என்கிறீர்களே, அதுதான் துப்பு. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு உழைத்த களைப்பு 12 முதல் 48 மணி நேரம் பிந்தித்தான் அடிக்கும். அதைப் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்ப உடம்பை முறித்தால் மாதக்கணக்கில் இழுக்கலாம்.

ஒரு கிழமைக்கு கொப்பியில் எழுதிப் பாருங்கள்: என்ன செய்தீர்கள், அடுத்த இரண்டு நாளும் உடம்பு எப்படி. உங்களை விழுத்திய வேலையில் பாதி மட்டும் செய்யுங்கள். களைக்கும் முன்பே உட்காருங்கள். வழியில் வரும் பாலத்தில் இறங்கி சைக்கிளை உருட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது!

இரத்தச்சோகை, தைராய்டு, சீனி வருத்தம் இவற்றாலும் களைப்பு வரும், சோதித்துவிடுங்கள். நெஞ்சு நோ, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் கொப்பியை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.