ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் போதுமா? குளத்து டயாட்டத்தைப் புதிய சிற்றினமாக விவரிப்பது பற்றி

கேள்வி: மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு குளத்துப் படித்துறையில் சுரண்டி எடுத்த பாசியில், கையிலிருக்கும் எந்த நூலோடும் பொருந்தாத ஒரு டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள ஒற்றைச் செல் பாசி) கிடைத்திருக்கிறது. அதன் ஓட்டின் நுண்ணமைப்பை எப்படி விவரித்தால் புதிய சிற்றினம் என்று ஏற்றுக்கொள்வார்கள்? நல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்று இருந்தால் போதுமா?

பதில்:

போதாது. எவ்வளவு தெளிவான படமாக இருந்தாலும் போதாது. நான் கும்பகோணம் பக்கத்தில் தாவரவியல் கற்பிக்கிறேன்; இந்த வட்டாரத்து ஆறு, வாய்க்கால், குளங்களின் டயாட்டம்களைப் பார்ப்பது என் நெடுநாள் வேலை. என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு ஓட்டின் படத்தோடுதான் வருகிறார்கள். அந்த ஒரு ஓடு எதையுமே சொல்லாது. அதன் அண்ணன் தம்பிகள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்க முடியும்.

காரணம் டயாட்டம் வளரும் விதத்திலேயே இருக்கிறது. அதன் ஓடு சிலிக்காவால் ஆன ஒரு சம்புடம். மேல்மூடி சற்றுப் பெரியது. கீழ்மூடி அதற்குள் அடங்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைப்பட்டைகள் ஓடும். செல் பிரியும்போது ஒவ்வொரு மகவும் தாயின் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி புதிய மூடி ஒன்றைச் செய்துகொள்கிறது. மேல்மூடி கிடைத்த மகவு தாயின் அளவிலேயே இருக்கும். கீழ்மூடி கிடைத்த மகவு இம்மியளவு சிறுத்துவிடும். 1869இல் மெக்டொனால்டும் ஃபிட்சரும் தனித்தனியே கண்டு சொன்னது இது. தலைமுறைகள் கடக்கக் கடக்கக் கூட்டத்தின் சராசரி அளவு குறைந்துகொண்டே வரும். பிறகு ஒரு கட்டத்தில் பாலினப் பெருக்கம் நடந்து, ஆக்ஸோஸ்போர் என்ற நிலை வழியாக மறுபடியும் முழு அளவு திரும்பும்.

ஆகவே ஒரே சிற்றினத்தில் ஒன்று 60 மைக்ரான் நீளமும் இன்னொன்று 20 மைக்ரான் நீளமும் இருக்கலாம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அளவோடு வடிவமும் மாறும். நீண்டவற்றின் நுனி மூக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும். குட்டையானவற்றில் அந்த மூக்கு மழுங்கி, ஓடு கிட்டத்தட்ட முட்டை வடிவமாகிவிடும். இரண்டையும் தனித்தனியே பார்த்தவர்கள் இரண்டு பெயர் வைத்த கதைகள் பழைய நூல்களில் ஏராளம். நீளம் நம்ப முடியாத சாட்சி. அகலம் அதைவிடக் குறைவாகவே மாறும். ஓட்டின் மேல் குறுக்கே ஓடும் வரிகள் 10 மைக்ரானுக்கு எத்தனை என்ற கணக்கு பெரும்பாலும் அசையாமல் நிற்கும். விவரணையில் எதற்கு எடை கொடுப்பது என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. ஆகப் பெரியதிலிருந்து ஆகச் சிறியது வரை இருபது முப்பது மூடிகளையாவது அளந்து, வீச்சாக எழுதுங்கள். படத் தட்டிலும் அவற்றை நீளவரிசையிலேயே அடுக்குங்கள்.

காவிரிக் கழிமுகத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது அவ்வளவாக இருக்காது. சிலிக்கா ஓடு செல் செத்த பிறகும் கிடக்கும். நம் குளங்களில் பலவற்றுக்கு ஆற்று வாய்க்கால் வழியாகத்தான் நீர் வருகிறது. அந்த நீர் குடகில் புறப்பட்டு, ஹேமாவதியையும் கபினியையும் சேர்த்துக்கொண்டு மேட்டூருக்கு வந்து, அதற்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி நீரையும் வாங்கிக்கொண்டு கல்லணைக்கு வருகிறது. நீங்கள் பார்த்த ஓடு மலையோடையில் வாழ்ந்து செத்து, ஆற்றோடு மிதந்து வந்த ஒன்றாகவும் இருக்கலாம். எனவே ஓட்டைச் சுத்தம் செய்ய அமிலத்தில் போடுவதற்கு முன்பு, எடுத்த பாசியில் ஒரு துளியை அப்படியே கண்ணாடித் தகட்டில் வைத்து, பழுப்பு நிறப் பசுங்கணிகத்தோடு உயிருள்ள செல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பசுங்கணிகம் எத்தனை, எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, செல் தனியாக நகர்கிறதா, காம்பு விட்டு ஒட்டியிருக்கிறதா என்பவற்றையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு இந்தத் தகவல் எதுவும் மிஞ்சாது. மேட்டூர் திறந்து புதுநீர் வருவதற்கு முன்பு, கோடையில் தேங்கிக் கிடக்கும் நீரில் ஒருமுறையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. அப்போதும் உயிரோடு இருந்தால் அது அந்தக் குளத்துக் குடிதான்.

எங்கே சுரண்டுவது என்பதும் இங்கே வேறு. நூல்கள் ஆற்றுக் கூழாங்கல்லைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லும். வண்டலும் மணலுமாக இருக்கும் நம் ஊரில் கூழாங்கல்லுக்கு எங்கே போவது? படித்துறைக் கல், மதகுச் சுவர், கோரைத் தண்டு, நீரில் நிற்கும் நெல் தாள் ஆகியவைதான் நமக்குக் கல். எதிலிருந்து எடுத்தது என்பதை எழுதத் தவறாதீர்கள்.

கழுவும் முறை நீங்கள் அறிந்ததே: ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரிமப் பொருளை எரித்து, அமிலத்தன்மை போகும் வரை படிய வைத்து நீரை மாற்றிக்கொண்டே இருப்பது. உலர்ந்த ஓட்டை எதில் பதிப்பது என்பதில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். டயாட்டம் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.43. தகட்டில் பதிக்கப் பழகிய பிசினான கனடா பால்சம் 1.5ஐ ஒட்டியது. இரண்டுக்கும் இடைவெளி குறைவு என்பதால் ஓடு பால்சத்தில் கரைந்ததுபோல் மங்கிவிடும். 1.7க்கு மேல் எண் கொண்ட நாஃப்ராக்ஸ் போன்ற ஊடகத்தில் பதித்தால் அதே ஓட்டின் வரிகள் பளிச்சென்று எழும். லட்சக்கணக்கில் விலையுள்ள நுண்ணோக்கி வைத்திருந்தும் பால்சத்தில் பதித்துவிட்டு ‘வரி தெரியவில்லை’ என்பவர்களிடம் எனக்கு இரக்கம் வருவதில்லை.

இனி ஓட்டுக்கு வருவோம். ஒளி நுண்ணோக்கியில், 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் பார்க்க வேண்டியவை: ஓட்டின் வெளிக்கோடு, நுனிகளின் வடிவம், நடுவே ஓடும் ராஃபே என்ற பிளவு, அதன் இருபுறமும் வரியில்லாத வெற்றிடம் (அச்சுவெளி) எவ்வளவு அகலம், நடுப்பகுதி வட்டமா சதுரமா குறுக்கே விரிந்ததா, வரிகள் ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றனவா நடுவிலிருந்து விசிறுகின்றனவா, நுனிக்கு அருகில் சாய்வு மாறுகிறதா. வரிகளை ஓட்டின் நடுவிலும் நுனியிலும் தனித்தனியே எண்ணுங்கள். இரண்டு இடங்களிலும் அடர்த்தி வேறாக இருக்கலாம். ஒரே எண்ணை எழுதினால் ஒப்பிடுபவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

ஒளி நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு, சுமார் 0.2 மைக்ரான். ஆம்ஃபிப்ளூரா பெல்லுசிடா என்ற டயாட்டத்தில் 10 மைக்ரானுக்கு ஏறக்குறைய நாற்பது வரிகள், அதாவது வரிக்கு வரி கால் மைக்ரான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லென்ஸ் செய்பவர்கள் தங்கள் திறமையைக் காட்ட இந்த ஓட்டைத்தான் பரீட்சைக்கு வைத்தார்கள். ஒவ்வொரு வரியும் துளைகளின் வரிசை என்பதும், அந்தத் துளை எப்படி மூடப்பட்டிருக்கிறது என்பதும் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. அதனால்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்படுகிறது.

அதில் வெளிப்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். கவிழ்ந்து கிடக்கும் மூடிகளைத் தேடி உட்புறத்தையும் படமெடுங்கள். நேரத்துக்குக் கட்டணம் வாங்கும் இடங்களில் அழகான வெளிப்புறத்திலேயே பணம் தீர்ந்துவிடும், ஆனால் பேரினத்தை முடிவு செய்யும் அடையாளங்களில் பல உள்ளேதான் இருக்கின்றன. வெளியே: துளையின் வாய் வட்டமா, கீற்றா, பிறைபோல் வளைந்ததா, ராஃபேயின் நடுமுனைகள் விரிந்து நிற்கின்றனவா, ஒரு பக்கம் திரும்புகின்றனவா, நுனியில் பிளவு எந்தப் பக்கம் கொக்கியாகிறது. உள்ளே: துளையை மூடும் சவ்வு எப்படி இருக்கிறது; ராஃபேயின் உள்முனை நேராக முடிகிறதா வளைகிறதா; நுனியில் சிறு உதடுபோன்ற அமைப்பு எழுந்திருக்கிறதா. கழுவும்போது கழன்று ஓடிவிடும் இடைப்பட்டைகளையும் தேடிப் பாருங்கள். எத்தனை பட்டை, அவற்றில் துளை வரிசை ஒன்றா இரண்டா என்று பலர் எழுதுவதே இல்லை. பின்னால் ஒப்பிட வருபவர் திண்டாடுகிறார்.

உங்களுடையது கோம்போனீமா என்ற பேரினத்து வகையாக இருந்தால் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஓட்டின் ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த கால்முனையில் ஒரு துளைத் திட்டு உண்டு. பிசின் காம்பு சுரப்பது அதன் வழியாகத்தான். கோம்போனீமாவில் பெரும்பாலும் நடுப்பகுதியில் ஒரு பக்கமாக ஸ்டிக்மா என்ற தனித் துளை ஒன்றும் இருக்கும். இவை இருக்கின்றனவா, எங்கே, எத்தனை என்பதுதான் கேள்வி. சின்ன விஷயம்தானே என்று தள்ளாதீர்கள். புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலிருந்து இண்டிகோனீமா என்ற புதிய பேரினத்தையே அண்மையில் பிரித்தார்கள். அதன் முக்கிய அடையாளம், கால்முனையில் மட்டும் இருக்க வேண்டிய துளைத் திட்டு தலைமுனையிலும் இருப்பது.

விவரணை எழுதும் நடைக்கு ஒரு மாதிரி தருகிறேன். இது நானே கட்டியது, உண்மையான சிற்றினம் எதையும் குறிப்பதல்ல: ‘மூடி கதாயுத வடிவம், தலைமுனை அகன்று மழுங்கியது, கால்முனை ஒடுங்கியது. நீளம் 19–46 மைக்ரான், அகலம் 5.5–7 மைக்ரான். அச்சுவெளி குறுகியது, நேரானது. நடுப்பகுதி குறுக்காக விரிந்தது. ஒரு பக்கம் ஒரே குட்டை வரி, எதிர்ப்பக்கம் ஸ்டிக்மா ஒன்று. ராஃபே லேசாக அலைவது. வரிகள் நடுவில் விசிறி, நுனிகளில் இணை. 10 மைக்ரானுக்கு நடுவில் 11–12, நுனியில் 14. துளைகள் ஒற்றை வரிசை. வெளிவாய் பிறை வடிவம்.’ அவ்வளவுதான். ‘அழகிய’, ‘தனித்துவமான’ என்ற சொற்களுக்கு இங்கே வேலையில்லை. உங்கள் குளத்தைப் பார்த்திராத ஒருவர், தன் மாதிரியை வைத்துக்கொண்டு ‘என்னுடையது இது அல்ல’ என்று சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிறதா என்று பார்த்துத்தான் விவரணைக்கு மதிப்பெண் போடுவேன்.

பாதி வேலை இதோடு முடிந்தது. மற்ற பாதி ஒப்பிடுவது, அதுதான் கசப்பானது. நூலோடு பொருந்தவில்லை என்கிறீர்கள், எந்த நூலோடு? ஐரோப்பியக் கையேடுகளோடு மட்டும் என்றால், வெப்பமண்டலக் குளத்தின் டயாட்டம் அதில் இல்லாமல் போவதில் வியப்பில்லை. ஜெர்மானிய டயாட்டம் ஆய்வாளர் ஹுஸ்டெட் 1937 முதல் 1939 வரை வெளியிட்ட ஜாவா, சுமத்ரா, பாலி டயாட்டம் தொகுப்பைப் பாருங்கள். வெங்கடராமன் 1939இல் தென்னிந்திய டயாட்டம்களைப் பற்றி எழுதியது, 1950களிலிருந்து எச்.பி. காந்தி மேற்கிந்திய நன்னீர்களிலிருந்து விவரித்தவை ஆகியவற்றையும் ஒன்றுவிடாமல் பாருங்கள். அவற்றில் இருப்பவை ஒளி நுண்ணோக்கியில் பார்த்துக் கையால் வரைந்த படங்கள். உங்கள் எலக்ட்ரான் படத்தை அந்தக் கோட்டுப் படத்தோடு நேரடியாக ஒப்பிட முடியாது. அதனால்தான் ஒளி நுண்ணோக்கிப் படங்களும் கட்டாயம் வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் மூலத் தகட்டையே பார்க்கக் கேளுங்கள். ஹுஸ்டெட்டின் சேகரிப்பு ஜெர்மனியில் பிரேமர்ஹாஃபனில் பாதுகாக்கப்படுகிறது.

எதிர்ப்பக்கத்து அபாயமும் உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் கோம்போனீமா பார்வுலம், நிட்ஷியா பேலியா என்று பழைய பெயர்களில் தள்ளிவிடுவது நம் நாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் பழகிப்போன சோம்பல். எடின்பரோவின் பிளாக்ஃபோர்டு குளத்தில் செல்லாஃபோரா பூப்யூலா என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டவற்றை டேவிட் மான் குழுவினர் ஆராய்ந்தபோது, நுனி வடிவத்திலும் அகலத்திலும் சிறு வேறுபாடு கொண்டிருந்தவை ஒன்றோடொன்று இனக்கலப்பே செய்வதில்லை என்று தெரிந்தது. ஆக, சிறு வேறுபாடும் உண்மையானதாக இருக்கலாம். வீச்சுகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விலகி நிற்கின்றனவா, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளத்தில் விலகுகின்றனவா என்று பார்ப்பேன். முடிந்தால் உயிருள்ள செல்லைத் தனியே வளர்த்து, சிற்றினங்களைப் பிரித்தறிய உதவும் ஆர்பிசிஎல் (rbcL) மரபணுவையும் படித்துவிடுங்கள்.

சூழல் செய்யும் மாற்றமும் உண்டு. கன உலோகக் கழிவு கலந்த நீரில் ஓடு கோணலாக உருவாகும். உப்பு ஏறினால் சைக்ளோடெல்லா மெனெகினியானா போன்றவற்றின் ஓட்டு அலங்காரமே மாறும். உங்கள் குளம் கடைமடைப் பக்கமாக இருந்தால் நீரின் உப்புத்தன்மையை அளக்காமல் எதையும் எழுத வேண்டாம்.

பெயர் சூட்டும் விதிகளில் மூன்று மட்டும் சொல்கிறேன். 2012 முதல் விவரணை லத்தீனில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆங்கிலமும் செல்லும். படம் கட்டாயம். பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மூலச்சான்றுத் தகட்டை எந்த நிறுவனத்தின் சேகரிப்பில் வைத்திருக்கிறீர்கள் என்று கட்டுரையிலேயே குறிப்பிட வேண்டும். அந்தத் தகட்டில் உங்கள் டயாட்டத்தோடு வேறு பல நூறு ஓடுகளும் கிடக்கும் என்பதால், உங்களுடையது இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டமிட்டுக் காட்டுங்கள். காவேரியென்சிஸ் என்றோ வேறு எப்படியோ பெயர் வைக்கும் ஆசை இருந்தால், அதே பேரினத்தில் அந்தப் பெயர் முன்பே போய்விட்டதா என்று ஆல்கீபேஸ், டயாட்டம்பேஸ் என்ற இணையத் தரவுத்தளங்களில் முதலில் தேடுங்கள். எடுத்த பாசியில் ஒரு பகுதியைக் கழுவாமல் ஆல்கஹாலில் போட்டு, நாள், இடம், எதிலிருந்து சுரண்டியது என்று சீட்டு ஒட்டி வைத்துவிடுங்கள். கட்டுரையை மதிப்பிடுபவர் உட்புறப் படம் இன்னொன்று கேட்டால், அதே கூட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.