மேம்பால ஏற்றத்தில் கார் பின்னால் உருள்வது குறித்து

வணக்கம். பயிற்சி வகுப்புகள் முடிந்த பின்னும் மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால் உருண்டு இன்ஜின் அணைந்துவிடுகிறது என்றும், அடுத்த வாரம் ஓட்டுநர் தேர்வு என்றும் எழுதியிருந்தீர்கள். பயிற்சிக் காரில் பயிற்றுநர் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் இருப்பதால், ஏற்றத்தில் அவருடைய கால் செய்த வேலையை நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம்; நானும் அப்படி நம்பித்தான் சொந்தக் காரை எடுத்த முதல் வாரத்தில் பின்னால் நின்ற ஆட்டோவை இடித்தேன்.

ஆக்சிலரேட்டரை அவசரமாக மிதிப்பதை விட்டுவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்த நிலையில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிக மெதுவாக உயர்த்துங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, பானெட் சற்றே மேலெழும். அங்கேயே காலை அசைக்காமல் நிறுத்தி, ஆக்சிலரேட்டரைச் சிறிது கொடுத்த பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க வேண்டும். அந்த இடம் காருக்குக் கார் மாறும் என்பதால், தேர்வுக்குக் கொண்டுபோகும் காரிலேயே, ஆளில்லாத சரிவு ஒன்றில் பழகுங்கள். தடித்த அடிப்பாகம் கொண்ட செருப்பு வேண்டாம்; கிளட்சின் அதிர்வு காலுக்குத் தெரியாது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்துவதை அனுமதிக்கின்றன. பின்னால் உருளாமல் புறப்படுவதையே எதிர்பார்க்கின்றன. தவறினாலும் 7 நாள் கழித்து மீண்டும் தேர்வுக்குச் செல்லலாம். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும்.