ரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய சாமான்: காசு எங்கே இருக்கிறது?

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ரயில்வே கழித்துப் போட்ட சாமான்களை ஏலத்தில் ஒரு லாட்டாக எடுத்தேன். ஒரு ரேக் நிறைய சிக்னல் ரிலேக்கள் (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்சுகள்), செம்புக் கேபிள், பழைய வேகன் பேரிங்குகள், நிக்கல் காட்மியம் பேட்டரிகள், எண்ணெயோடு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தின் கிராசிங் துண்டுகள், ஒரு ஸ்டேஷன் பெயர்ப்பலகை. கேபிளை எரித்துச் செம்பை எடு, ரிலேயிலிருந்து வெள்ளியை வீட்டிலேயே ஆசிட்டில் பிரி என்கிறார் மச்சான். செய்யலாமா?"

இரண்டும் வேண்டாம். மச்சானிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

முதலில் காகிதம். ஏலத்தில் எடுத்த ரசீது, லாட் எண், எடைச்சீட்டு எல்லாவற்றையும் நகல் எடுத்து, சாமானோடு ஒன்று, வீட்டில் ஒன்று என்று வையுங்கள். ரயில் கேபிள் திருட்டு நம் ஊரில் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் கொண்டுவந்த சட்டத்தில் இப்படிப்பட்ட கட்டமைப்பைச் சேதப்படுத்தினால் 30 ஆண்டுவரை சிறை. பேரிங்கிலும் பலகையிலும் எஸ்.ஏ.ஆர். (தென்னாப்பிரிக்க ரயில்வே) முத்திரை இருக்கும், அதைப் பார்த்ததும் ஸ்கிராப் யார்டுக்காரர் கேள்வி கேட்பார், கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் வாங்குகிற கடைக்குப் போகாதீர்கள்.

கேபிளை எரிப்பதில் நஷ்டம் மூன்று வகை. எரிந்த செம்பு கறுத்து, உரித்தெடுத்த பளபளப்பான கம்பியைவிடத் தாழ்ந்த தரமாகத்தான் எடை போடப்படும். பிவிசி உறை எரியும் புகையில் டையாக்சின் என்ற நச்சு உண்டு, பழைய சிக்னல் கேபிளில் பல ஈய உறை போட்டவை, அந்த ஈயமும் புகையோடு உங்கள் நுரையீரலுக்குள் போகும். அப்புறம் 2009-ஆம் ஆண்டின் பழைய பொருள்கள் சட்டம்: உறை எரிந்த கேபிள் வந்தால், கொண்டுவந்தவர் தகுந்த காரணம் காட்டாவிட்டால், வியாபாரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். உலோகத்தை உருக்கும் சாதனத்தைப் பதிவில்லாமல் வீட்டில் வைத்திருப்பதும் அதே சட்டத்தில் குற்றம். தடித்த கேபிளைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரியுங்கள், ஈய உறையைத் தனியாக விற்கலாம், மெல்லிய கம்பியை உரிக்க உட்கார்ந்தால் கூலிகூட மிஞ்சாது, அப்படியே விற்றுவிடுங்கள்.

ரிலே விஷயத்தில் ஆசை கொஞ்சம் அதிகம். சிக்னல் ரிலேயில் வெள்ளி இருப்பது உண்மைதான், ஆனால் இரண்டு முனையும் வெள்ளி என்று கணக்குப் போடாதீர்கள். தொடும் முனைகள் மின்பொறியில் ஒன்றோடொன்று பற்றவைத்துக்கொண்டால் சிவப்பு விழ வேண்டிய இடத்தில் பச்சை நின்றுவிடும், அதனால் பாதுகாப்பு ரிலேக்களில் பெரும்பாலும் ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் வெள்ளி ஊறிய கார்பன் என்று வைப்பார்கள். ஆகக் கிடைப்பது சின்னப் பொட்டுகள்தான். அவற்றைப் பிரித்து எடுத்து, சேர்த்துவைத்து, சுத்திகரிப்பு நிலையத்துக்கு மொத்தமாக விற்பது சரி. வீட்டில் நைட்ரிக் ஆசிட்டை ஊற்றினால் கிளம்பும் பழுப்புப் புகை அப்போது ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும், சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சு முட்டும். சுருளில் உள்ள செம்பு எடையில் வெள்ளியைவிடப் பல மடங்கு, அதை மறக்காதீர்கள். கண்ணாடி மூடியோடு உடையாமல் இருக்கும் ரிலேயைப் பிரிக்கவே வேண்டாம், சேகரிப்பாளர்கள் முழுசாக வாங்குவார்கள்.

உங்கள் லாட்டில் என் கண் போவது பேரிங்குகள் மேல்தான். உருளைப் பேரிங் வருவதற்கு முந்தைய வேகன்களில் அச்சின் மேல் உட்கார்ந்தது வெண்கல அல்லது பித்தளைத் துண்டு, அதன் உட்பக்கத்தில் வெள்ளை உலோகப் பூச்சு. இந்தப் பூச்சில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் ஈயம் அதிகம், மற்றதில் வெள்ளீயம் அதிகம். உலகச் சந்தையில் வெள்ளீயம் ஈயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் விலை போகிற சரக்கு, ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம், யார்டில் "எல்லாம் ஈயம்தான்" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நல்ல யார்டில் உலோகத்தைக் காட்டினாலே கலவையைச் சொல்லும் எக்ஸ்-ரே துப்பாக்கி இருக்கும், உங்கள் கண் எதிரே அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வெண்கலத்தையும் பூச்சையும் தனித்தனியாக. பார்க்க மறுத்தால் சாமானைத் திரும்ப பக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த யார்டுக்குப் போங்கள்.

கிராசிங் துண்டில் காந்தத்தை வையுங்கள். துரு பிடித்திருக்கிறது, ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது மாங்கனீசு எஃகு, சுமார் 12 சதவீதம் மாங்கனீசு. சாதாரண இரும்பு விலைக்குக் கொடுக்காதீர்கள், வார்ப்பாலைகளுக்கு விற்கும் யார்டில் தனி விலை கேளுங்கள். துளை போடவும் முயலாதீர்கள், அடிபட அடிபட இறுகும் எஃகு அது, டிரில் முனைதான் போகும்.

பேட்டரியைத் திறக்க வேண்டாம். காட்மியம் விஷம், உள்ளே இருப்பது தோலை அரிக்கும் காரத் திரவம். முழுசாக உரிமம் பெற்ற மறுசுழற்சி நிலையத்தில் கொடுங்கள், காசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. லாட்டில் பிரேக் கட்டையோ சாம்பல் நிறப் பலகை போன்ற காப்புத் துண்டோ கிடந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2008-இலேயே இங்கே தடை செய்த பொருள், உடைக்காமல், தேய்க்காமல், ஈரப்படுத்தி மூடிவையுங்கள், பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் வந்து எடுக்கட்டும்.

பெயர்ப்பலகை ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும் உள்ள எனாமல் பலகையானால் கழுவக்கூட வேண்டாம், துணியால் துடைத்தால் போதும். இரும்பு எடைக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் க்ளூஃபிலிருந்து இஞ்சாங்கா போகும் உம்கேனி நீராவி ரயில் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் அதற்கு ஆசைப்படுகிறவர்கள் யார் என்று தெரியும்.

டிரான்ஸ்பார்மரைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம், அதைத்தான் நீங்கள் முதலில் பிரிக்க நினைப்பீர்கள், உள்ளே செம்பு கனமாக இருக்குமே. 1980-களுக்கு முந்தையது என்றால் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கலாம். கொஞ்சம் எண்ணெயைக் கையுறையோடு எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள், பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே என்று எழுத்தில் வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள், எண்ணெயை எந்தச் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். அதற்கு மேல் வந்தால் அதைக் கையாள உரிமம் உள்ளவரிடம் தகவல் சொல்லி ஒப்படையுங்கள், அந்தச் செலவை ரிலேச் சுருள் செம்பில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.