கடலூரா, கூடலூரா? ஊர்ப்பெயர், குடும்பப்பெயர் கேள்வி பதில்

மஞ்சக்குப்பம் வாசகர்: ஐயா, கடலோரம் இருப்பதால்தானே கடலூர்?

பதில்: பழைய பெயர் கூடலூர். கெடிலமும் பரவனாறும் இங்கே கூடிக் கடலில் விழுகின்றன. இன்றைய எழுத்தை வைத்துப் பொருள் சொல்லாதீர்கள்.

முத்தியால்பேட்டை வாசகி: பிரெஞ்சுப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா குப்புசாமியைத் தேடுகிறேன், சிக்கவில்லை. வீட்டில் பிரெஞ்சுக் குடும்பப்பெயர் புழங்குகிறது. முன்னோர் வெள்ளைக்காரரா?

பதில்: அப்படி முடிவுகட்டாதீர்கள் அம்மா. புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 பிரெஞ்சு ஆணைப்படி, தங்கள் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப்பெயரும் வைத்துக்கொண்டார்கள். இவர்கள்தான் 'ரெனோன்சான்'கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். பிரான்சில் அது வாயிலருகே குடியிருந்தவருக்கு வந்த பெயர்.

முதலில் துறப்புப் பத்திரத்தின் தேதியைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முந்தைய பதிவை அவர் பெயர், தகப்பனார் பெயர் கொண்டும், பிந்தையதைக் குடும்பப்பெயர் கொண்டும் தேடுங்கள். குப்புசாமியை 'கே'யில் மட்டும் பார்த்தால் கிடைக்க மாட்டார், 'சி'யிலும் பாருங்கள். உகரத்துக்கு 'ஓ', 'யூ' சேர்ந்து வரும். சாமிக்கு இரண்டு 'எஸ்'. ஒன்று போட்டால் பிரெஞ்சில் 'இசட்' ஒலியாகிவிடும்.

புதுப்பாளையம் வாசகர்: திருப்பாதிரிப்புலியூர், பாதிரியார் இருந்த ஊரா?

பதில்: பாதிரி மரம். வடமொழியில் பாடலி, அதனால்தான் பாடலீஸ்வரர். அப்பர் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார்.

தேவனாம்பட்டினம் வாசகர்: கூடலூரை ஒப்ப மாட்டேன். ஆந்திரத்துக் கடப்பைக்கு ஆங்கிலேயன் போட்ட அதே 'சி, யூ, டி, டி, ஏ'தான் நம் ஊருக்கும். அவன் காதில் விழுந்தது 'கட'தான்.

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. ஆனால் ஆங்கில 'யூ' அகரத்துக்கும் வரும், உகரத்துக்கும் வரும்; அதை மட்டும் சாட்சியாக நிறுத்த முடியாது. பிரெஞ்சுக்காரர் எழுதியது 'கூதலூர்', முதலெழுத்தை அடுத்து 'ஓ', 'யூ'. அகரத்துக்கு அங்கே இடமே இல்லை.

தேவனாம்பட்டினம் வாசகர்: பிரெஞ்சுக்காரன் காது மட்டும் பெரிய காதோ?

பதில்: உகரத்தில் அவன் தடுமாறுவதில்லை. ஆனால் எழுத்து மட்டும் போதாது, ஊரின் கதையும் வேண்டும்; உங்கள் பக்கத்து குண்டு உப்பலவாடியைப் பாருங்கள். 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் உங்கள் ஊர்க் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலமும் சேர்த்தி. அந்தக் குண்டு ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டது. உப்பலவாடியை மட்டும் பிரித்துப் பொருள் தேடினால் இது எங்கே கிடைக்கும்?

நெல்லிக்குப்பம் வாசகர்: பரங்கிப்பேட்டையில் பரங்கிக்காய் அதிகமோ?

பதில்: பரங்கியர் குடியேறிய பேட்டை. காய்க்கும் அவர்களால்தான் பெயர்.

வில்லியனூர் வாசகர்: என் முன்னெழுத்து 'கூ', கூடலூராம். எது?

பதில்: நீலகிரியிலும் தேனியிலும் உண்டு. பழைய பத்திரத்தில் தாலுகா பாருங்கள்.

வண்டிப்பாளையம் வாசகர்: கடல் இருப்பதால்தானே கடலூர்?

பதில்: முதல் பதில்.