டேபிளை நீட்டுங்கள், சவுக்குக் கம்பைப் பிடுங்குங்கள்: மோட்டோகிராஸ் கேள்வி-பதில்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 4 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, நாங்கள் ஆறு பேர் மோட்டோகிராஸ் (மண்மேடுகளைத் தாவி ஓட்டும் பைக் பந்தயம்) பழகுவதற்கு டிராக் போடுகிறோம். நடுவில் ஒரு டபுள் ஜம்ப் வைக்க ஆசை. இரண்டு மேட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடலாம்?
– வாசகர், பூந்தமல்லி

இடைவெளியே விடாதீர்கள். நடுப்பள்ளத்தை மண்ணால் நிரப்பி டேபிள்டாப் ஆக்கிவிடுங்கள். டபுளில் தாவும் தூரம் அரை மீட்டர் குறைந்தால் முன்சக்கரம் எதிர்மேட்டின் முகத்தில் முட்டி, ஆளை ஹேண்டில்பாருக்கு மேல் தூக்கி எறியும். டேபிளில் அதே தவறு ஒரு குலுக்கலோடு போய்விடும்.

ஆனால் டேபிளின் நீளத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். 20 டிகிரி ஏற்றத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கிளம்பும் வண்டி, அதே மட்டத்தில் சுமார் 8 மீட்டர் தள்ளி இறங்கும். 50 கி.மீ. என்றால் 12.6 மீட்டர். வேகம் கால்பங்கு கூடினால் தூரம் பாதிக்கும் மேல் கூடுகிறது. 1.5 மீட்டர் உயரத்தில் 8 மீட்டர் டேபிள் கட்டி, 15 டிகிரி இறக்கம் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40-ல் வருபவருக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். 50-ல் வருபவர் இறக்கத்தையே தாண்டிப் போய்ச் சமதரையில் விழுவார். அந்த அடி, சுமார் 2.6 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுவதற்குச் சமம். கணுக்காலும் முதுகெலும்பும் போவது இப்படித்தான்.

அதே டேபிளை 11 மீட்டராக நீட்டுங்கள். 40-ல் வருபவர் மேல்தளத்தில் இறங்குவார். அது முக்கால் மீட்டர் விழுவதற்குச் சமம். 50-ல் வருபவருக்குச் சாய்வான இறக்கம் கிடைப்பதால் அரை மீட்டர்தான். நடுவேகத்தில் வருபவருக்கும் ஒரு மீட்டரைத் தாண்டாது. இது காற்றுத் தடையையும் ரைடரின் உடல் அசைவையும் சேர்க்காத கணக்கு. அளவுகளை ஒப்பிட்டு முடிவெடுக்க இது போதும்.

ஏறுமுகத்தின் கடைசி 2 மீட்டர் நேர்கோடாக இருக்க வேண்டும். விளிம்பு வரை வளைத்துக்கொண்டே போனால் அமுங்கிய பின்சக்கர சஸ்பென்ஷன் விளிம்பில் விரிந்து, பின்பக்கத்தை உதைத்து மூக்குக்குப்புறத் தள்ளும். 8 மீட்டர் அகலத்துக்கு இந்த ஜம்ப் சுமார் 190 கன மீட்டர் இறுகிய மண் கேட்கும். லாரியில் வருவது பொலபொல மண் என்பதால் 80 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கிராவலுக்குச் சொல்லிவையுங்கள். 25 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டுங்கள். ஜேசிபி டயரை மேலே ஏற்றி இறக்கினால் இறுகிவிட்டது என்று ஓட்டுநர் சொல்வார். நம்பாதீர்கள், முதல் மழையில் விளிம்பு சரியும்.

டிராக் ஓரம் சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டியிருக்கிறோம். போதுமா? வளைவுகளில் பழைய லாரி டயர் வைக்கலாமா?
– வாசகர், திருவள்ளூர்

சவுக்கு பந்தலுக்கு நல்ல கம்பு. டிராக் ஓரத்தில் அது ஈட்டி. நட்டது வளையாது, முறிந்தால் கூராக முறியும். கயிறோ கழுத்து உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் இன்றே எடுத்துவிடுங்கள். தரைக்கு மேல் அரை மீட்டருக்கு மிகாமல், கையால் வளைக்கக்கூடிய பிளாஸ்டிக் குச்சிகள் போதும். அவற்றில் ரிப்பன் கட்டுங்கள், நைலான் கயிறு வேண்டாம். பிவிசி பைப்பும் வேண்டாம், வெயிலில் காய்ந்தது சில்லாக உடையும்.

லாரி டயர் தனியாகக் கிடந்தால் அதில் மோதும் முன்சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஆள் மட்டும் போவார். நகர்த்த முடியாத மரமோ கல்தூணோ இருந்தால் மட்டும் அதற்கு முன்னால் டயர்களை அடுக்கி, ஒன்றோடொன்று போல்ட் போட்டு, முன்பக்கம் கன்வேயர் பெல்ட் விரித்து மூடுங்கள். வைக்கோல் கட்டு நல்லதுதான், காய்ந்திருக்கும் வரை. ஐப்பசி மழையில் ஊறிய கட்டு கல்லுக்குச் சமம். வளைவின் வெளிப்பக்கம் காலியாகக் கிடக்கும் மண்தரைதான் எல்லாவற்றையும் விட மலிவான பாதுகாப்பு. அங்கே பைக் நிறுத்த, வேடிக்கை பார்க்க யாரையும் விடாதீர்கள்.

காலை 10 மணிக்கே புழுதியில் முன்னால் போகிறவர் தெரிவதில்லை. எவ்வளவு தண்ணீர் அடிக்க வேண்டும்?
– வாசகர், செங்கல்பட்டு

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது 1 மி.மீ. மழை. 1.5 கி.மீ. நீளம், 8 மீட்டர் அகலம் என்றால் 12,000 சதுர மீட்டர். ஆக ஒரு 12,000 லிட்டர் லாரி கொடுப்பது வெறும் 1 மி.மீ.தான். சித்திரை வெயிலில் அது ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

காலையில் அடிப்பதுதான் தவறு. மேலே வழுக்கும், கீழே மாவு மாதிரி கிடக்கும். முதல் நாள் மாலையே கல்டிவேட்டரால் 10 முதல் 15 செ.மீ. கிளறிவிட்டு, நான்கைந்து லாரி தண்ணீரைப் பிரித்துப் பிரித்து விடுங்கள். இரவெல்லாம் உள்ளே இறங்கும். விடிந்ததும் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பாருங்கள். உருண்டை நின்று, விரலால் தட்டினால் இரண்டாக உடைய வேண்டும். கையில் ஒட்டினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. பிறகு பந்தயங்களுக்கு இடையே லேசாகத் தெளித்தால் போதும். ஜம்பின் ஏறுமுகத்தில் மட்டும் கடைசி நேரத்தில் தெளிக்காதீர்கள். ஏரி வண்டல் கலந்த மண்ணாக இருந்தால் சோப்பு போட்டது போலாகிவிடும். செலவு குறையும் என்று கழிவுநீர் லாரியைக் கூப்பிடுவோரும் உண்டு. தெறிக்கும் சேறு ரைடரின் வாய்க்குள்தான் போகிறது.

நெக் பிரேஸ் (கழுத்துக் காப்பு), செஸ்ட் புரொடெக்டர் (மார்புக் கவசம்) இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்க?
– வாசகர், அம்பத்தூர்

முதலில் முதுகும் மார்பும். ஆனால் லேபிளைப் படியுங்கள். இஎன் 14021 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருந்தால் அது முன்வண்டி கிளப்பும் கல்லுக்கான கவசம். விழுந்தால் காக்கும் என்று எண்ண வேண்டாம். மோதலுக்கு, மார்பில் இஎன் 1621-3, முதுகில் இஎன் 1621-2 வேண்டும். முதுகுக் கவசத்தில் லெவல் 1 சோதனையில் சராசரியாக 18 கிலோநியூட்டன் விசை வரை உள்ளே கடத்தலாம். லெவல் 2-க்கு 9 மட்டுமே அனுமதி. விலை வித்தியாசத்துக்கு இதுதான் காரணம்.

நெக் பிரேஸ் பிறகு சேர்க்கலாம். அப்போது கவசத்தைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். தலையை இயல்பாக நிமிர்த்தி வளைவைப் பார்க்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் இரண்டாவது சுற்றிலேயே கழற்றி எறிந்துவிடுவீர்கள்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கை வைத்து டேபிள்டாப் பழகலாமா?
– வாசகர், வேளச்சேரி

பழகலாம், மேலே சொன்ன ஜம்பில் அல்ல. அதன் சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் முன்னே 190 மி.மீ., பின்னே 170 மி.மீ. மோட்டோகிராஸ் வண்டியில் 300 அளவுக்கு இருக்கும். எடையோ 150 கிலோவுக்கு மேல். 15 டிகிரி ஏற்றம், முழங்கால் உயரம், 30 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 3.5 மீட்டர் தாவும், கால் மீட்டர் விழுவதற்குச் சமமான அடிதான் வரும். கண்ணாடி, இண்டிகேட்டரைக் கழற்றி, சைடு ஸ்டாண்டை ரப்பரால் கட்டிவிடுங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களின் கிளாம்ப் போல்ட்டை முழு இறுக்கம் கொடுக்காமல், விழுந்தால் சுழலும்படி விடுங்கள். லீவரும் பிழைக்கும், விரலும் பிழைக்கும்.

மார்ஷல்களை எங்கே நிறுத்துவது? எங்கள் கிளப்பில் கல்லூரிப் பையன்கள்தான் கொடி பிடிக்கிறார்கள்.
– வாசகர், ஆவடி

வயதில் பிரச்சினை இல்லை, நிற்கும் இடத்தில்தான். இறங்குமிடம் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு ஜம்புக்கும் ஒருவர் வேண்டும். இறக்கத்தில் யார் கிடக்கிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவர் கொடி ஏறுமுகத்துக்கு முன்பே ரைடருக்குத் தெரிய வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் வருபவர் பார்த்து, உணர்ந்து, மண்ணில் நிறுத்த சுமார் 35 மீட்டர் ஆகும். ஏறுமுகத்தின் அடியில் கொடி ஆட்டினால் பயன் இல்லை.

மஞ்சள் கொடி ஆடினால் முந்தக் கூடாது, தாவக் கூடாது. சக்கரம் தரையை விட்டு எழாமல் மெதுவாக உருட்டித்தான் போக வேண்டும். மீறியவருக்குத் தண்டனை கொடுக்காத கிளப்பில் கொடி வெறும் துணி. ஆம்புலன்ஸ் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அடுத்தது வந்து நிற்கும் வரை டிராக் மூடியிருக்கட்டும். 108-ஐக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு ஆகாது.

என் மகனுக்கு 14 வயது. விழுந்து சில நொடி நினைவு தப்பியது. இப்போது நன்றாக இருக்கிறேன் என்கிறான். வரும் ஞாயிறு பந்தயம் இருக்கிறது.
– வாசகர், கொளத்தூர்

வேண்டாம் அம்மா. இன்னும் காட்டவில்லை என்றால் இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குழறும் பேச்சு, ஒரு கண்மணி பெரிதாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்கு. எதுவும் இல்லாவிட்டாலும் முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. பிறகு பள்ளி, நடை, சைக்கிள் என்று படிப்படியாக; ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட்டு, அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். மருத்துவர் எழுத்தில் அனுமதித்த பிறகே வண்டி. முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, சிறியதாக இருந்தாலும் மூளைக்குப் பெரிய ஆபத்து.

அந்த ஹெல்மெட்டையும் இனி போட விடாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் மீளாது, வெளியே கீறல்கூடத் தெரியாது.

புதுப்பேட்டையில் பழைய மோட்டோகிராஸ் ஹெல்மெட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், ராயபுரம்

வேண்டாம். காரணம் மேலே உள்ள பதிலின் கடைசி வரி. புதுப்பேட்டையில் ஃபுட்பெக், ஸ்ப்ராக்கெட் மாதிரி உதிரிபாகம் வாங்குங்கள்.